நீலத்திட்டின் முதுமை

(ஏற்காட்டில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட இடம் உங்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கிறது. ஆனால் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. பிடரிக்கு நேர் உள்ளே, மூளைத்தண்டில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு மெல்லிய தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். முதியவர் ஒருவர் இறந்தபின் அவருடைய மூளைத்தண்டைக் குறுக்கே அறுத்தால், இந்த இரண்டும் கருநீலப் புள்ளிகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபெலிக்ஸ் விக் தசீர் என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் இதைப் பார்த்து எழுதிவைத்தார். மருத்துவ நூல்கள் லோகஸ் செருலியஸ் என்று சொல்லும். நான் நீலத்திட்டு என்றே சொல்கிறேன்.

இரு பக்கமும் சேர்த்து அங்கே இருக்கும் நரம்பு செல்கள் சுமார் 50 ஆயிரம். மனித மூளையில் மொத்தம் 8,600 கோடி நரம்பு செல்கள் என்று பிரேசிலில் சூசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009இல் கணக்கிட்டார்கள். அப்படியானால் 17 லட்சம் செல்லுக்கு ஒன்று என்ற விகிதம். இந்தச் சிறு கூட்டம்தான் மூளைக்கு வேண்டிய நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதியைத் தயாரிக்கிறது. தயாரித்து, பெருமூளை, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, தண்டுவடம் என்று எல்லா இடத்துக்கும் தன் நீண்ட இழைகள் வழியாக அனுப்புகிறது.

அது என்ன செய்கிறது என்பதை ஏற்காட்டுக்காரர்களுக்கு விளக்குவது எளிது. சேலத்திலிருந்து மேலே வருகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதை காலியாக இருக்கும்போது நீலத்திட்டு செல்கள் விநாடிக்கு ஒன்றிரண்டு முறை நிதானமாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன. வளைவுக்கு அப்பால் எதிரே ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. அந்தக் கணத்தில் அவை ஒரே மூச்சில் படபடவென்று துடிக்கின்றன. நோர்அட்ரினலின் மூளை முழுவதும் பரவுகிறது. கண்ணின் பாப்பா விரிகிறது, பக்கத்தில் நடந்த பேச்சு காதில் விழாமல் போகிறது, கவனம் முழுவதும் அந்த வளைவில் குவிகிறது. பஸ் தாண்டிப்போன பிறகு பல வருடம் கழித்தும் அந்த வளைவு உங்களுக்கு நினைவிருந்தால், அதிலும் இந்தச் செல்களுக்குப் பங்குண்டு. விழிப்பு, கவனம், பதற்றம், உணர்ச்சியோடு பதியும் நினைவு என எல்லாவற்றிலும் இவற்றின் கை இருக்கிறது.

இந்த வேதிப்பொருளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்புகள் வெளியிடும் பொருள் நோர்அட்ரினலின் என்று 1946இல் நிறுவியவர் ஸ்வீடன் நாட்டு உல்ஃப் ஃபான் ஆய்லர். மூளையில் அது எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று 1954இல் அளந்து காட்டியவர் மார்த்தா ஃபோக்ட். எந்த செல் அதைத் தயாரிக்கிறது என்பதை ஒளிரச் செய்யும் முறையால் 1964இல் கண்ணுக்குக் காட்டியவர்கள் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள்.

இந்த செல்கள் நாம் தாயின் வயிற்றில் இருக்கும்போது, முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. அதன்பிறகு புதிதாகப் பிறப்பதில்லை. தோல் செல் உதிர்ந்து புதியது வருகிறது, இரத்த அணு சில மாதத்தில் மாறிவிடுகிறது. நீலத்திட்டு செல் மாறுவதில்லை. இங்கே முன்வரிசையில் 80 வயதுப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தால், அவருடைய நீலத்திட்டு செல்களுக்கு 80ஐவிடச் சில மாதம் கூடுதலாகவே வயது. அத்தனை காலமும் அவை வேலை செய்திருக்கின்றன. ஓய்வு என்பது தூக்கத்தில் கிடைப்பது மட்டும்தான். அவ்வளவு காலம் உழைத்த செல்லுக்குள் என்ன நடக்கிறது? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

'வயசானா மூளை சுருங்கும், செல் சாகும், மறதி வரும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். நீலத்திட்டைப் பொறுத்தவரை இது சரியான சித்திரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. அங்கே முதுமை என்பது முதலில் செல்களின் சாவு அல்ல. உயிரோடு இருக்கும் செல்கள் தங்கள் மரபணுக்களை வாசிக்கும் விதம் மாறுவது. அந்த மாற்றத்தில் தேய்மானமும் இருக்கிறது, சமாளிக்கும் முயற்சியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் மறதி நோய்க்கு மருந்து எங்கே வைக்க வேண்டும் என்பது புரியும்.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்பதற்கு உங்கள் தோட்டத்துச் செடியே போதும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபிச் செடி. அதன் வேர், தண்டு, இலை, பழம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மரபணுத் தொகுப்பு ஒன்றேதான். ஆனால் காஃபீன் தயாரிக்கும் மரபணுக்கள் தளிர் இலையிலும் பச்சைக் காயிலும் மும்முரமாக வேலை செய்கின்றன. இலை முற்ற முற்ற அவற்றின் வேலை அடங்கிவிடுகிறது. மரபணு அழியவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. செல் அதை வாசிப்பதைக் குறைத்துக்கொண்டது. வாசிக்கும்போது செல் அந்த மரபணுவுக்கு ஒரு நகல் எடுக்கிறது. அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். நகலைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. எந்த மரபணுவுக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணினால், அந்த செல் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

நீலத்திட்டு செல் வாசிக்கும் மரபணுக்களில் சிலவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருந்து நமக்குக் கிடைக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் மூலப்பொருள். டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி முதல் அடியை எடுத்துவைக்கிறது. உற்பத்தியின் வேகத்தைத் தீர்மானிப்பது இதுதான். இரண்டாம் அடியில் டோபமைன் உருவாகிறது. டோபமைன் பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற கடைசி நொதி அதை நோர்அட்ரினலினாக மாற்றுகிறது. விமேட்-2 என்ற புரதம் சரக்கைச் சிறு பைகளுக்குள் ஏற்றுகிறது. வெளியே விட்டதை மீண்டும் உள்ளே இழுக்க ஒரு புரதம், மிச்சத்தைச் சிதைக்க மோனோஅமீன் ஆக்ஸிடேஸ்-ஏ என்ற நொதி. இவை எல்லாவற்றுக்கும் தனித்தனி மரபணு உண்டு. பிற நரம்பு செல்களிலும் இந்த மரபணுக்கள் இருக்கின்றன, ஆனால் இவை அத்தனையையும் சேர்த்து வாசிக்கும் செல்கள் மூளையில் மிகச் சிலவே.

இந்த வாசிப்பு கூடிக் குறையும் என்பதை உலகம் அறிந்ததில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சர்ப்பகந்தி. அதன் வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் வைத்தியர்கள் காலம்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், இரத்த அழுத்தத்துக்கு அது வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் இதழில் அறிவித்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலாளர்கள் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நான் சற்று முன்பு சொன்ன விமேட்-2ஐ ரெசர்ப்பின் அடைத்துவிடுகிறது. பைகளில் சரக்கு ஏறாது, நோர்அட்ரினலின் தீர்ந்துபோகும்.

அதன் பின்னால் நடந்ததுதான் நமக்கு முக்கியம். எலிக்கு ரெசர்ப்பின் கொடுத்துச் சில நாள் கழித்து அதன் நீலத்திட்டைப் பார்த்தபோது, டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் முன்பைவிட வெகுவாகக் கூடியிருந்தது. சரக்கு தீர்ந்ததை உணர்ந்த செல், உற்பத்தி மரபணுவை முன்பைவிட அதிகமாக வாசிக்கத் தொடங்கிவிட்டது. திரும்பத் திரும்பக் குளிரில் வைத்த எலிகளிலும் இதேதான் நடந்தது. நீலத்திட்டு செல் ஒரு தேவையைக் கண்டால் தன் மரபணுக்களிடம் போகிறது. இளமையில் அது செய்கிற இந்தக் காரியத்தை முதுமையிலும் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஆய்வாளர்கள் நெடுங்காலம் மரபணுவை எண்ணவில்லை, செல்லைத்தான் எண்ணினார்கள். 1979இல் என். விஜயசங்கரும் ஹாரல்டு பிராடியும் பல வயதினரின் மூளைகளில் நீலத்திட்டு செல்களை எண்ணி, முதுமையில் அவை குறைகின்றன என்று எழுதினார்கள். பாடநூல்களில் அது நிலைத்துவிட்டது. பிறகு எண்ணும் முறை திருந்தியது. ஒரு பகுதியை மட்டும் பார்த்து மொத்தத்தை ஊகிப்பதை விட்டு, முழுத் தூணையும் முறைப்படி சீவி எண்ணினார்கள். 1997இல் ஜெர்மனியில் ஓம் குழுவினர் அப்படி எண்ணியபோது, நோயற்ற முதுமையில் குறைவு எதையும் காணவில்லை. 2017இல் சாவோ பாவ்லோ மூளை வங்கியின் மூளைகளைக் கொண்டு தியோஃபிலாஸ், லியா கிரின்பெர்க் முதலியோர் செய்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. அல்சைமர் என்ற மறதி நோயின் ஒவ்வொரு படிக்கும் நீலத்திட்டின் பருமன் சராசரியாக 8.4 சதவீதம் சுருங்குகிறது. செல்கள் சாவது நோய் சற்று முன்னேறிய பிறகுதான். வயது தானாகவே செல்லைக் கொல்கிறது என்பதற்கு அங்கே ஆதாரம் இல்லை.

நம் நாட்டிலும் ஓர் எண்ணிக்கை நடந்தது. அதைப் பெருமையோடு சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் போதுமான பேர் அதைப் பேசுவதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் எஸ்.கே. சங்கர் 1995இல் மனித மூளை வங்கியை உருவாக்கினார். அவரும் உதய் முத்தனே, யஷா ஆகியோரும் சேர்ந்து 1998இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியது நீலத்திட்டை அல்ல, அதன் அண்டைவீட்டுக்காரரான சப்ஸ்டான்ஷியா நைக்ராவை. அங்கே டோபமைன் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. நீலத்திட்டு செல்களைப் போலவே அவற்றிலும் கருநிறமி படியும். பார்க்கின்சன் நோயில் இரண்டுமே அழிகின்றன. பிரிட்டிஷ் மூளைகளோடு ஒப்பிட்டால் இந்திய மூளைகளில் அந்த நிறமி செல்கள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. ஆனால் வயது கூடக்கூட அவை குறையவில்லை! தொடக்கத்திலேயே குறைவாக இருந்தும் முதுமையில் இழக்காத மூளை. 2009இல் ஃபல்குனி ஆனந்த் அல்லாடி அதே நிறுவனத்தில் புதிய முறையில் எண்ணி, வயதால் இழப்பு இல்லை என்பதை மீண்டும் கண்டார்.

அல்லாடி அத்தோடு நிற்கவில்லை. செல்லை எண்ணியவர், செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனார். இந்த செல்களை உயிரோடு தாங்கும் வளர்ச்சிக் காரணி ஒன்று உண்டு. அதை வாங்கிக்கொள்ளும் இரண்டு ஏற்பிப் புரதங்கள் இந்திய முதியவர்களின் செல்களில் குறையாமல் வெளிப்பட்டுக்கொண்டிருந்தன என்று 2010இல் அவர் குழு எழுதியது. தாங்கும் கையைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை அந்த செல்கள் கடைசிவரை விடவில்லை. நம் மக்களிடையே பார்க்கின்சன் நோய் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதே கேள்வியை நீலத்திட்டுக்கும் நம் மக்களிடம் வைத்து, மரபணு மரபணுவாக வாசிக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

வாசிப்பது ஏன் கடினம்? இடம் சிறியது. அதில் நோர்அட்ரினலின் செல்கள் பிற செல்களோடு கலந்து கிடக்கின்றன. 2023இல் பால்டிமோரின் லீபர் நிறுவனத்தார் மனித நீலத்திட்டின் மரபணு வெளிப்பாட்டை செல் செல்லாக வாசித்து வெளியிட்டார்கள். திசுவில் எது எங்கே வெளிப்படுகிறது என்ற வரைபடத்துக்கு ஐந்து பேரின் மூளை. தனித்தனி செல் உட்கரு வாசிப்புக்கு மூன்று பேர். அவ்வளவு உழைத்தும் கையில் கிடைத்த நோர்அட்ரினலின் உட்கருக்கள் சில நூறுதான். அந்த வாசிப்பில் இரண்டு செய்திகள் என்னை ஈர்த்தன. ஒன்று, அசெட்டைல்கோலினைக் கையாளும் செல்களுக்கு உரியவை என்று நாம் நினைத்திருந்த சில மரபணுக்களை இந்த செல்களும் வாசிக்கின்றன. மற்றது, மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களின் நகல்கள் இங்கே எதிர்பாராத அளவுக்கு அதிகம். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லின் எரிபொருள் கூடம். அது இவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்றால், இந்த செல் எவ்வளவு செலவழிக்கிறது என்று பாருங்கள்.

அந்தச் செலவுக்குக் காரணம் தெளிவு. ஒரு நீலத்திட்டு செல்லின் இழை கிளைத்துக் கிளைத்துப் பெருமூளை வரை பரவுகிறது. அந்த இழைக்கு மையலின் என்ற காப்பு உறை இல்லை, அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ஆற்றல் வேண்டும். துடிக்கும் ஒவ்வொரு முறையும் கால்சியம் உள்ளே புகுகிறது. அதை வெளியேற்ற மறுபடியும் ஆற்றல். 2014இல் சிகாகோவில் சர்மெயர் குழுவினர் எலியில் காட்டியபடி, இந்தக் கால்சியம் வரத்தே மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்ஸிஜனால் வரும் சிதைவைக் கூட்டுகிறது. 80 ஆண்டு ஓடிய எரிபொருள் கூடத்தில் கரி படியாமல் இருக்குமா?

பொதுவாக முதுமையில் மனித மூளை மரபணுக்களை எப்படி வாசிக்கிறது என்பதற்கு 2004இல் புரூஸ் யாங்க்னர் குழு செய்த ஆய்வு இன்றும் அடிப்படை. 26 முதல் 106 வயது வரையுள்ள 30 பேரின் பெருமூளை முன்பகுதி. நாற்பதைத் தாண்டியபின் ஒரு கூட்டம் மரபணுக்களின் வாசிப்பு இறங்குகிறது: நரம்பிணைப்புகளை மாற்றியமைப்பவை, சரக்குப் பைகளை நகர்த்துபவை, மைட்டோகாண்ட்ரியாவை நடத்துபவை. இன்னொரு கூட்டம் ஏறுகிறது: நெருக்கடியைச் சமாளிப்பவை, ஆக்ஸிஜனால் வரும் சிதைவைத் தடுப்பவை, டி.என்.ஏ. பழுது பார்ப்பவை. இறங்கிய மரபணுக்களின் தொடக்கப் பகுதியிலேயே டி.என்.ஏ. அடிபட்டிருந்தது. அதனால்தான் செல்லால் அவற்றைச் சரிவர வாசிக்க முடியவில்லை. அது பெருமூளையைப் பற்றிய செய்தி. நீலத்திட்டில் இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது.

சியாட்டிலில் பாட்ரிசியா சாட் குழுவினர் 2006இல் அல்சைமர் நோயால் இறந்தவர்களின் நீலத்திட்டைப் பார்த்தார்கள். செல்கள் குறைந்திருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மிச்சமிருந்த ஒவ்வொரு செல்லிலும் டைரோசின் ஹைட்ராக்ஸிலேஸ் மரபணுவின் நகல்கள் கூடியிருந்தன. செல்களிலிருந்து புதிய கிளைகளும் முளைத்திருந்தன. முதியவர்களின் தண்டுவட நீரில் நோர்அட்ரினலின் இளையவர்களைவிடக் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது என்பதும் வேறு ஆய்வுகளில் தெரியவந்தது. பழம் பறிக்கும் காலத்தில் பத்துப் பேர் இருந்த அணியில் நாலு பேர் ஊருக்குப் போய்விட, மிச்சம் ஆறு பேர் இருட்டும்வரை நின்று கூடையை நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மிஞ்சிய செல்கள் அதைத்தான் செய்கின்றன. ரெசர்ப்பின் கொடுத்த எலியிடம் கண்ட அதே வழி, தேவை வந்ததும் மரபணுவிடம் போவது.

இதனால்தான் பல பெரியவர்களுக்குப் பல வருடம் வெளியே எதுவும் தெரிவதில்லை. சிகாகோவில் ரஷ் மருத்துவ மையத்தின் நீண்டகால ஆய்வில், இறந்தபின் மூளையைத் தர முன்பே சம்மதித்த முதியவர்களைக் கடைசிவரை தொடர்ந்து பார்த்தார்கள். 2013இல் ராபர்ட் வில்சன் குழு வெளியிட்ட முடிவு: யாருடைய நீலத்திட்டில் செல் அடர்த்தி அதிகமோ, அவர்களுடைய நினைவும் சிந்தனையும் மெதுவாகவே தேய்ந்தன. மூளையில் நோயின் படிவுகள் இருந்தபோதும் அப்படித்தான்.

ஆனால் கூடுதலாக உழைப்பதற்கு விலை உண்டு. தயாரான நோர்அட்ரினலின் அனைத்தும் பைக்குள் ஏறுவதில்லை. வெளியே தங்கியது ஆக்ஸிஜனோடு சேர்ந்து நியூரோமெலனின் என்ற கருநிறமியாகிறது. நான் முதலில் சொன்ன கருநீலம் அதுதான். பிறந்த குழந்தையிடம் அது தெரியாது. வயதோடு சேர்ந்துகொண்டே போய் 60 வயதையொட்டி உச்சத்துக்கு வருகிறது என்று எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டுகின்றன, பிறகு குறைகிறது. இரும்பையும் தாமிரத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால் நிறமி முதலில் காவலாகத்தான் இருக்கிறது. செல் நிரம்பி வழியும்போது அதுவே பாரமாகிறது. இன்னொரு பகுதி நோர்அட்ரினலினை மோனோஅமீன் ஆக்ஸிடேஸ்-ஏ சிதைக்கிறது. அப்போது டோபிகல் என்ற நச்சுப்பொருள் உண்டாகிறது. அது ஒரு வெட்டும் நொதியைத் தூண்டிவிட, அந்த நொதி டௌ என்ற புரதத்தைத் தவறான இடத்தில் வெட்டுகிறது என்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2020இல் காட்டினார்கள். வெட்டுண்ட டௌ சுருண்டு திரள்கிறது. அல்சைமர் நோயின் முத்திரையே இந்தத் திரட்சிதான். உற்பத்தி மரபணுவை அதிகம் வாசிக்கும் செல், இந்த நச்சையும் அதிகம் தயாரிக்க நேரும் என்று நான் கருதுகிறேன். சமாளிக்கும் முயற்சியின் ஊடாகவே நோய் நுழைகிறது.

ஹெய்கோ பிராக் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்டதைக் கேளுங்கள். 1 வயது முதல் 100 வயது வரை 2,332 மூளைகள். டௌ மாற்றத்தின் முதல் சுவடு பெரும்பாலும் தென்பட்ட இடம் நீலத்திட்டு. அதுவும் பலரிடம் இளம் வயதிலேயே. மொத்தத்தில் எந்தச் சுவடும் இல்லாதவை பத்தே மூளைகள். இதைக் கேட்டு மாணவர்கள் யாரும் பயப்பட வேண்டாம். சுவடு இருப்பது நோய் அல்ல. பெரும்பாலோர் அந்தச் சுவட்டோடு நல்ல நினைவோடுதான் வாழ்ந்து முடிக்கிறார்கள். 70 வயதில் தெரியும் நோய்க்கு 30 வயதிலேயே கவனிக்க வேண்டிய செல் இருக்கிறது என்பதுதான் அதன் செய்தி.

அப்படியானால் வாசிப்பை நல்ல பக்கம் திருப்ப நம்மால் ஆவது எது? ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு மரபணு அளவிலேயே சான்று இருக்கிறது. தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் நீலத்திட்டு செல்கள் வேகம் குறைகின்றன. கனவுத் தூக்கத்தில் முற்றாக அடங்குகின்றன. நாள் முழுவதிலும் அவை வாய்மூடி இருக்கும் நேரம் அது ஒன்றுதான். பென்சில்வேனியாவில் சிக்ரிட் வீசி குழு 2014இல் எலிகளைத் தூங்கவிடாமல் பார்த்தது. சிறிது நேரம் தூக்கம் கெட்டபோது, நீலத்திட்டு செல்கள் சர்ட்-3 என்ற காவல் புரதத்தைக் கூடுதலாகத் தயாரித்துத் தங்களைக் காத்துக்கொண்டன. இரவு வேலைக்காரர்களைப் போல அடுத்தடுத்த நாட்களில் தூக்கம் பறிபோனபோது அந்தக் காவல் உடைந்தது, செல்கள் இறந்தன. அவை இளம் எலிகள். மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம், அதன் நீலத்திட்டில் நம்மைப்போலக் கருநிறமியும் படிவதில்லை. ஆனாலும் இரவு முழுவதும் குறட்டையோடு மூச்சுத் திணறுகிற பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப்போங்கள் என்று சொல்ல எனக்கு இந்தச் சான்று போதும். காபி கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விழித்திருக்க விழித்திருக்கச் சேரும் அடினோசின் நீலத்திட்டை அமர்த்துகிறது, காஃபீன் அந்த வேலையைத் தடுக்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் உங்கள் மலைக் காபியை நிம்மதியாகக் குடியுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம்.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். செயின்ட் லூயிஸில் நடந்த ஓர் ஆய்வு, பெண் எலியின் நீலத்திட்டும் ஆண் எலியினதும் சில மரபணுக்களை வெவ்வேறு அளவில் வாசிக்கின்றன என்று 2018இல் காட்டியது. நம் பெண்களிடம் அது எப்படி இருக்கிறது என்பதற்கு எலி பதில் சொல்லாது. சாவோ பாவ்லோ மூளையும் பால்டிமோர் மூளையும் சொல்லாது. சத்துக் குறைவான குழந்தைப்பருவம், இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பேறு, தோட்டத்தில் நாள் முழுவதும் நின்ற உழைப்பு, இவை எல்லாம் சேர்ந்த ஒரு வாழ்வு அந்த 50 ஆயிரம் செல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே வாழ்ந்தவர்களின் மூளையில்தான் படிக்க முடியும்.

அதற்கு வேண்டிய திறமை நம்மிடம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. 5,132 சீவல்கள், செல் செல்லாகப் பார்க்கக்கூடிய துல்லியத்தில். நான் முதலில் பெயர் சொன்ன ஹெர்குலானோ-ஹூசெல் ஆசிரியராக இருந்த இதழில்தான் அது வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுராவில் 10 ஆயிரம் கிராமத்தவர்களைத் தொடர்ந்து பார்க்கும் திட்டத்தில் ஈடுபட்டிருக்கிறது. கருவியும் ஆளும் உண்டு. குறைவாக இருப்பது மூளைத் திசு.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கண்தானம் நம் ஊர்களில் பழகிவிட்டது. மூளைத் தானமும் அதைப்போலத்தான், முகத்துக்கு எந்த மாற்றமும் தெரியாமல் எடுக்கலாம், உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஆனால் நேரம் முக்கியம். தூது ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும் பொருள். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்துக் குளிரில் உறையவைத்தால்தான் கடைசியாக அந்த செல் எதை வாசித்துக்கொண்டிருந்தது என்று தெரியும். இந்த மலையிலிருந்து சேலம் இறங்கி, அங்கிருந்து 200 கிலோமீட்டர் பெங்களூரு போக வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் அப்போது உட்கார்ந்து முடிவெடுக்க முடியாது. முன்பே பேசி, முன்பே எழுதிவைத்து, யாருக்கு போன் செய்வது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோய் வந்தவர்களின் மூளை ஓரளவு கிடைக்கிறது, ஏனென்றால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். எளிதில் கிடைக்காதது 80, 90 வயதிலும் பேரன் பேத்தி பெயர் மறக்காமல், கணக்குத் தப்பாமல், தோட்டத்துக்கு நடந்துபோய் வந்தவர்களின் மூளை. அந்த செல்கள் எந்த மரபணுவை வாசித்துத் தப்பித்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள், இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். சம்மதப் படிவம் பற்றி விசாரிக்க விரும்புகிறவர்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனித மூளை வங்கியைக் கேட்கலாம். குடும்பத்தில் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் பேசப்போவது அவர்கள்தான்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.